ஒரே ஒரு டப்பா

மாமா பைப்பில் புகையிலை பிடிப்பதை நிறுத்துவதாக வாக்குக் கொடுத்தபோது சாட்சியாக உட்கார்ந்திருந்தவள் நான். வேலை வெட்டி இல்லாமல் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மேஜையில் என் டீ இருந்தது, அதைக் குடிக்கப் போனேன், மாட்டிக்கொண்டேன். மாமா என்றால் என் கணவரின் அப்பா. அவருக்கு எதிரே அத்தை, கணவரின் அம்மா. இருவருக்கும் நடுவே மாமாவின் மார்பு எக்ஸ்ரே, பெரிய பழுப்பு உறைக்குள்.

டாக்டர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. பைப்பை விடாவிட்டால் மூச்சு அவரை விட்டுவிடும் என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து அத்தை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க்கொண்டிருந்தார். பயம். அதைப் பயம் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

"இதோ பாருங்க, ஒரேயடியா விடச் சொல்லல. இன்னும் ஒரே ஒரு டப்பா. அது தீர்ந்ததும் பைப்பைக் கழுவி அலமாரில வெச்சிடணும். அப்புறம் கையால தொடக் கூடாது."

"ஒரே ஒரு டப்பா," என்றார் மாமா.

"சத்தியமா?"

"சத்தியமா."

அத்தை என் பக்கம் திரும்பினார். "நீ சாட்சி."

இங்கே அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தாலே தராசுத் தட்டுகள் தாமாகவே நேராகிவிடுமாம். தெருவில் எல்லோரும் அவரைத் தராசம்மா என்பார்கள், முதுகுக்குப் பின்னால். இப்போதும் பிஸ்கட் பாக்கெட்டை நிறுத்துப் பார்க்காமல் பிரிக்க மாட்டார். பொட்டலத்தின் மேல் அளவு போடவில்லை என்பதற்காக எத்தனையோ வியாபாரிகளை அழவைத்த அந்த மனுஷி, தன் வீட்டு வாக்குறுதிக்கு அளவு போட மறந்துவிட்டார். டப்பா என்றால் எங்கள் வீட்டில் உள்ளங்கையில் அடங்கும் ஐம்பது கிராம் டப்பாதான். வேறு டப்பாவை யாரும் கண்ணால் கண்டதில்லை. அதனால் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நானோ டீ ஆறிப்போன கோபத்தில் இருந்தேன்.

அந்தக் கடைசி டப்பாவை வாங்க மாமா என்னையே துணைக்குக் கூப்பிட்டார். இரண்டு தெரு நடப்பதற்குள் மூன்று இடத்தில் நின்று, கடைகளை வேடிக்கை பார்ப்பதுபோல் மூச்சு வாங்கினார். பூட்டிக் கிடந்த ஒரு கடையைக்கூட ரொம்ப ஆர்வமாக வேடிக்கை பார்த்தார். நானும் பார்த்தேன். வேறென்ன செய்வது?

புகையிலைக் கடை குறுகலாக, ஆழமாக இருந்தது. உள்ளே நுழைந்ததும் பழைய மரப்பெட்டிக்குள் தலையை விட்ட வாசனை. ஒரு சுவர் முழுக்க டப்பாக்கள். மேல் தட்டில் ஐம்பது கிராம், அதற்குக் கீழே நூறு, அதற்கும் கீழே வாய் ஒட்டிய பைகள். தரையோடு தரையாக, ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி ஜாடிகளில் உதிரிப் புகையிலை. கடைக்காரர் கை தானாகவே மேல் தட்டுக்குப் போனது. இத்தனை வருஷப் பழக்கம்.

"அது இல்ல," என்றார் மாமா. அவர் பார்வை தெருவைப் பார்த்த கண்ணாடிப் பக்கம் போயிருந்தது.

அங்கே ஒன்று நின்றுகொண்டிருந்தது. சிவப்பு உடம்பு, தங்க நிற மூடி, என் இடுப்பு உயரம். நான் இருகை விரித்துக் கட்டிப்பிடித்தால் விரல்கள் தொட்டுக்கொள்ளாது. அச்சு அசலாக மாமாவின் ஐம்பது கிராம் டப்பா மாதிரியே, அதே படம், அதே எழுத்து. டப்பாவுக்கு ஏதோ வியாதி வந்து வீங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அது காலியா?" என்று கேட்டார் மாமா.

"காலியா? நல்லா கேட்டீங்க சார். ஃபுல்லு. கம்பெனிக்காரன் விளம்பரத்துக்குன்னு ஒண்ணே ஒண்ணு செஞ்சு அனுப்பினான். சீல் உடைக்கல. எடுக்கத்தான் ஆளில்ல."

"இவ்வளவு நாள்ல கெட்டுப் போயிருக்குமே," என்றேன் நான், ஆபத்தை மோப்பம் பிடித்து.

"சீல் உடைக்காதவரைக்கும் ஒண்ணும் ஆகாதும்மா. ருசி இன்னும் கூடத்தான் செய்யும். உடைச்சப்புறம்தான் பாடு. சின்ன டப்பா காயறதுக்குள்ள தீர்ந்துடும். பெருசு தீர்றதுக்குள்ள காய்ஞ்சிடும். ஒருத்தர் பிடிக்கறதுக்கு இது சரிப்படாது. ஒரு ஊரே சேர்ந்து பிடிக்கணும்."

மாமா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். புது மாட்டைப் பார்ப்பதுபோல் தட்டிப் பார்த்தார். பிறகு, "வீட்டுக்கு அனுப்பிடுங்க," என்றார்.

"மாமா!"

"என்னம்மா? ஒண்ணுதானே வாங்கறேன்?"

அன்று மாலையே இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் இரண்டாவது மாடிக்கு ஏறினார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டது. மேலே போக வேண்டியவர்கள் மேலே போக முடியாமல், கீழே வர வேண்டியவர்கள் கீழே வர முடியாமல், கட்டடத்தில் பாதிப்பேர் அங்கேயே நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சத்தம் கேட்டு அத்தை கதவைத் திறந்தார். அவருக்கு முன்னால் முதலில் தங்க மூடி வந்தது, அப்புறம் சிவப்பு உடம்பு, அதற்கும் பின்னால் இருமிக்கொண்டே மாமா.

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. உள்ளே போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்து மேலிருந்து கீழ்வரை படித்தார். பொருளின் பெயர் இருந்தது. நிகர எடை இருந்தது. தயாரித்தவர் முகவரி இருந்தது. எண்ணிக்கை என்ற இடத்தில் 'ஒரு டப்பா' என்று இருந்தது. குனிந்து சீலைத் தடவிப் பார்த்தார். முடியளவு பிசகில்லை. உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க அவர் எல்லோரிடமும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லி வந்தார்: மேலே என்ன அறிவித்திருக்கிறதோ அதுதான் செல்லும், மனசுக்குள் நினைத்ததெல்லாம் செல்லாது.

"நான் அளவு சொன்னேனா?" என்று என்னைக் கேட்டார்.

இதற்குத்தான் சாட்சிக்கே போகக் கூடாது என்பது. "இல்ல அத்தை," என்றேன்.

என் வீட்டுக்காரர் சிரித்துத் தொலைத்தார். அத்தை பார்த்த பார்வையில் செல்போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அன்று முதல் இந்த விவகாரம் முழுக்க அவர் பால்கனியில்தான் இருந்தார்.

"சரி, ஒரு டப்பாதான். ஒத்துக்கறேன்," என்றார் அத்தை. "ஆனா நானும் ஒண்ணு சொல்லிடறேன். தீர்ந்தாலும் முடிஞ்சது. காய்ஞ்சாலும் முடிஞ்சது. பூஞ்சை பிடிச்சாலும் முடிஞ்சது."

"காய விட்டுடுவேனா? நான் யாரு?" என்று மாமா சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் நிற்காமல், கடைசியில் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வானிலை அலுவலகத்தில் காற்றின் ஈரத்தை அளந்தே பென்ஷன் வாங்கியவர். ஜன்னல் வழியே கையை நீட்டி, இன்றைக்குத் துணி எப்போது காயும் என்று சொல்வார், அப்படியே நடக்கும். ஒருவருக்கு எடை, ஒருவருக்கு ஈரம். இந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் பேசி முடித்தவர் யார் என்று நான் கேட்டதில்லை, தெரிந்தால் அவரைத் திட்டிவிடுவேன்.

அத்தையிடம் ஒரு பழைய மேடைத் தராசு இருந்தது. அலுவலகம் வேண்டாம் என்று ஒதுக்கியதை ஓய்வு பெறும்போது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வட்டமான முகம், நீண்ட முள், மூட்டை நிறுக்கிற சாமான். ஹாலில் இருந்த சோபாவை எங்கள் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தராசு வந்தது. தராசின் மேல் டப்பா ஏறியது. டப்பாவின் மேல் மாமாவின் ஈரமானி ஏறியது. முள் நின்ற இடத்தில் அத்தை ஒரு சிவப்பு டேப் துண்டை ஒட்டினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எடை பார்ப்பார், முள் இறங்க இறங்க டேப்பும் இறங்க வேண்டும், இதுதான் ஏற்பாடு.

டப்பாவின் சீல் உடைந்தது. போர் தொடங்கியது.

மாமா பெரிய டப்பாவை அடிக்கடி திறக்க மாட்டார். திறக்கத் திறக்கக் காற்று பட்டுக் காயுமாம். ஒரு தடவை திறந்து பழைய ஐம்பது கிராம் டப்பாவில் நிரப்பிக்கொண்டு, அதிலிருந்துதான் எடுப்பார். எனக்கு வேண்டாம் என்றாலும் பாடம் நடத்துவார். "ஒரு சிட்டிகை எடுத்து அழுத்திப் பாரும்மா. அழுத்தினா அமுங்கி மெல்ல எழுந்திருக்கணும். உருண்டையா ஒட்டிக்கிட்டா ஈரம் அதிகம், பூஞ்சை வரும். நொறுங்கினா செத்துப்போச்சு." ஈரம் போகாமலிருக்க ஆப்பிள் தோலைப் போட்டு வைப்பவர்கள் முட்டாள்கள் என்பது அவர் கட்சி, தோல் அழுகி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதற்குச் சுட்ட மண்ணில் செய்த சின்ன வில்லைதான் சரி, கோட்டுப் பொத்தான் அளவு. தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, மூடிக்குள் வைத்தால் போதும், கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் விடும். அதை வேலை முடிந்து வரும் வழியில் வாங்கி வரும் பொறுப்பு என் தலையில்.

அத்தை மட்டும் சும்மா இருப்பாரா? நான் வேலை செய்வது செருப்புக் கடையில். ஷூ பெட்டிக்குள் 'தின்னாதே' என்று எழுதிய குட்டிப் பொட்டலம் ஒன்று கிடக்குமே, ஈரத்தை உறிஞ்சுவதற்கு? அது வேண்டும் என்றார். ஒன்றிரண்டு இல்லை, கை நிறைய. மாமாவுக்கு ஒரு பையில் வில்லை, அத்தைக்கு ஒரு பையில் பொட்டலம், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துவிடாமல் நான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். இரண்டு பக்கமும் ஆயுதம் விற்கிறவர்கள் பெரிய பங்களாவில் இருப்பார்களாம். எனக்குக் கிடைத்தது படுக்கையறைக்குள் ஒரு சோபா.

அத்தை பொட்டலங்களை டப்பாவின் அடியில், மூடியின் உள்வரம்பில், மாமாவின் தலையணை உறையில்கூட ஒளித்து வைத்தார். மாமா ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டார். அத்தை ஜன்னல்களைத் திறந்தார். மாமா மூடினார். மாமா டப்பாவைச் சுற்றி ஈரத் துண்டுகளைத் தொங்கவிட்டார். அத்தை மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். எங்கள் வீட்டுத் துணி அவ்வளவு சீக்கிரம் என்றைக்குமே காய்ந்ததில்லை, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஒருநாள் மாமா, குளிக்கிறவர்கள் எல்லோரும் குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக் குளித்தால் ஆவி ஹாலுக்கு வரும் என்றார்.

"என்னால முடியாது மாமா."

"அரைவாசி?"

"முடியாது!"

குளித்து முடித்து உடுத்திக்கொண்டு வெளியே வந்ததும் கதவை அகலத் திறந்துவிடுவது என்று ஒருவழியாகச் சமரசமானது. ஹாலில் இருந்த பிஸ்கட் நமுத்துப்போனது, சமையலறையில் இருந்த பிஸ்கட் கல்லானது. என் வீட்டுக்காரர் இரண்டுக்கும் நடுவே நிலைப்படியில் நின்று சாப்பிடப் பழகிக்கொண்டார். வாசல் கதவு ஊதிப்போய் மூட முடியவில்லை. மூட முடிந்த நாளில் திறக்க முடியவில்லை.

முதல் ஞாயிறு எடை பார்த்தபோது முள் டேப்பைத் தாண்டி மேலே நின்றது.

"பிடிக்கப் பிடிக்கப் புகையிலை கூடுமா?" என்றார் அத்தை.

"எல்லாம் நல்ல மனசுக்குக் கிடைக்கறது," என்றார் மாமா.

"தண்ணி ஏத்திருக்கீங்க. எடைக்காகச் சரக்கை நனைக்கறவனை நான் எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா? என் வீட்டுலயே இப்படி ஒரு திருடன்!"

"நான் என்ன விக்கறதுக்கா நனைச்சேன்?"

அடுத்த ஞாயிறு முள் கீழே நின்றது. அத்தை மின்விசிறியை நன்றியோடு பார்த்தார். அதற்கடுத்தது மேலே. இப்படியே போனது. ஞாயிறு காலை எங்கள் வீட்டுச் சண்டையைக் கேட்பதற்காகவே கீழ்வீட்டுக்காரர்கள் ரேடியோவை அணைத்து வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் ஒன்று. அந்தச் சண்டை முடிந்ததும் அத்தை தட்டு நிறையச் சாப்பிடுவார். மாமா பின்னாலேயே போய்ச் சண்டைக்கு இன்னும் நாலு வார்த்தை எடுத்துக் கொடுப்பார். எக்ஸ்ரே உறை எங்கே போனது என்றே யாருக்கும் தெரியாது.

கடையில் என் பாடுதான் திண்டாட்டமானது. ஒரு வாடிக்கையாளருக்கு முன்னால் மேனேஜர் விலையுயர்ந்த தோல் ஷூ பெட்டியைப் பெருமையாகத் திறந்தார். ஷூ முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. அடுத்த பெட்டியைத் திறந்தார், அதிலும். "உள்ள போடற பொட்டலம் எங்கே?" என்று என்னைக் கேட்டார். கம்பெனிக்காரர்கள் இப்போதெல்லாம் எதைத்தான் ஒழுங்காகப் போடுகிறார்கள் என்று நானும் அவரோடு சேர்ந்து கோபப்பட்டேன். அன்றைக்கு மட்டும் பொட்டலம் எடுக்கவில்லை.

அப்புறம்தான் அது நடந்தது. அதாவது, ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிறு காலை அத்தை குனிந்து பார்த்தார். முள் டேப்புக்கு நேராகவே நின்றது. அடுத்த ஞாயிறும் அங்கேயே. அதற்கடுத்த ஞாயிறும். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஆனால் மாமா தினமும் சாயங்காலம் சின்ன டப்பாவும் பைப்புமாகக் கீழே போய்விட்டு, வாயில் பைப்போடுதான் திரும்பி வந்தார்.

"வேற எங்கயோ வாங்கிப் பிடிக்கறார்," என்றார் அத்தை சமையலறையில் என்னிடம், கிசுகிசுப்பாக. "இன்னொரு டப்பா இருக்கு. நீ போய்ப் பாரு. நீதானே சாட்சி."

இந்தச் சாட்சி உத்தியோகத்துக்கு ஓய்வு வயதே கிடையாதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. சாயங்காலம் மாமா இறங்கியதும் சத்தம் போடாமல் பின்னால் இறங்கினேன். கட்டடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் உட்கார்ந்து அவர் முதலில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சின்ன டப்பாவைத் திறந்தார். சிட்டிகை சிட்டிகையாக எடுத்துப் பைப்பை நிரப்பினார், கட்டை விரலால் பதமாக அழுத்தினார். தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியை உரசினார். அது எரிந்து விரலுக்குப் பக்கத்தில் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊதி அணைத்தார். பைப் பக்கமே கொண்டுபோகவில்லை. பற்றவைக்காத பைப்பை வாயில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கடைசியில் பைப்பைக் கவிழ்த்து, ஒரு தூள் சிந்தாமல் எல்லாவற்றையும் டப்பாவுக்குள்ளேயே தட்டிப் போட்டு மூடினார்.

நான் மறைந்துகொண்டிருந்த குழாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். ஒளிந்திருக்க மனசில்லை.

"உங்க அத்தை அனுப்பிச்சாளா?"

"ஆமா மாமா."

"உக்காரு." "பிடிக்க முடியலம்மா. ரெண்டு இழுப்புலயே மூச்சு அடைச்சிடுது. விட்டுட்டேன்."

"எப்போ?"

"ஆச்சு கொஞ்ச நாள்."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. "இது நல்ல விஷயம்தானே மாமா! இதைப் போய் மறைப்பாங்களா? அத்தை எவ்வளவு சந்தோஷப்படுவாங்க! இன்னிக்கே சொல்லிடலாம்."

"சொல்லாதே."

"ஏன்?"

"ஆசைப்பட்டு விட்டேன்னா சொல்லலாம். முடியாம விட்டேன்னு எப்படிச் சொல்றது?" பைப்பை உள்ளங்கையில் உருட்டினார். "டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னிக்கு அவ என்னைப் பாத்தாளே, நீ பாத்தியா? நோயாளியைப் பாக்கற மாதிரி. தண்ணி டம்ளரை என் வாய் வரைக்கும் கொண்டு வந்தா. இப்ப திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறா. இதுவே நல்லாருக்கும்மா. இது இப்படியே இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. இரண்டு மாடி ஏற அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. நடுவில் நின்று, படிக்கட்டுச் சுவரில் ஒன்றுமே இல்லாத இடத்தை இருவரும் வேடிக்கை பார்த்தோம். வாசல் வந்ததும் பைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போனார்.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். "என்ன?"

"நம்ம டப்பாதான் அத்தை. அதையேதான் பிடிக்கறார்."

அத்தை அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார், ஏற்கெனவே துடைத்த அடுப்பு. பிறகு, "இனிமே அந்தப் பொட்டலத்தையெல்லாம் கொண்டு வராதே," என்றார்.

"ஏன் அத்தை?"

"உன் கடை ஷூவெல்லாம் கெட்டுப்போகுதுன்னு சொன்னியே."

அந்த வாரம் மின்விசிறி ஓடவில்லை. யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பி ஹாலுக்கு வந்தேன். மாமா குளித்துக்கொண்டிருந்தார். அத்தை தராசுக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தங்க மூடி கழற்றித் தரையில் இருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அதிலிருந்து மண் வில்லையை எடுத்து, உதறி, ஒரு துணியில் துடைத்து, மாமா வைக்கிற அதே இடத்தில் வைத்தார். ஒரு சிட்டிகை புகையிலையை எடுத்து அழுத்திப் பார்த்தார். அது மெல்ல எழுந்தது. இத்தனை வருஷம் அந்த வாடையே ஆகாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டவர், விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

நிமிர்ந்தால் நான் நிற்கிறேன்.

"என்ன பாக்கற?" என்று சீறினார். "அவர் சட்டையைத் துவைக்கறவ நான். வாடை இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப எதுக்கு அத்தை இதெல்லாம்?"

மூடியை எடுத்துப் பொருத்தி இரண்டு கையாலும் அழுத்தினார். "காய்ஞ்சா முடிஞ்சதுன்னு நான்தானே சொல்லித் தொலைச்சேன்," என்றார்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அத்தை டம்ளரை எடுத்துக்கொண்டு அவசரமாகச் சமையலறைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமா சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு, பைப்பும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பால்கனியில். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு தராசுக்கு முன்னால் குனிந்தார்.

முள் சிவப்பு டேப்பின் நட்ட நடுவில் நின்றது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. குண்டுமணி அளவுகூட நகரவில்லை. உத்தியோகத்தில் இருந்தவரை அரைக் கிராம் வித்தியாசத்துக்குக் கடையைப் பூட்டவைத்தவர், மந்திரி வீட்டுத் திருமணத்துக்குப் போன சரக்கைக்கூட நிறுத்திப் போட்டவர் அத்தை. அவர் நிதானமாக நிமிர்ந்தார்.

"குறைஞ்சிருக்கு," என்றார்.

மாமாவின் கையில் பைப் அப்படியே நின்றது. ஒரு தூள் குறையவில்லை என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அத்தையைப் பார்த்தார். அத்தையும் பார்த்தார்.

"இப்படியா பிடிக்கறது ஒரு மனுஷன்?" அத்தையின் குரல் ஏறியது. "டாக்டர் என்ன சொன்னார், நீங்க என்ன செஞ்சுட்டு இருக்கீங்க? ஒரு வாரத்துல இவ்வளவா?"

"அவ்வளவெல்லாம் இருக்காதே," என்றார் மாமா மெல்ல.

"என் தராசு பொய் சொல்லுமா?" அத்தை வெடுக்கென்று என் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் நிறைந்திருந்தன. "நீயே வந்து பாரு. குறைஞ்சிருக்கா இல்லையா?"

டீயை வைத்துவிட்டு எழுந்து போனேன். தராசுக்கு முன்னால் குனிந்து, முள்ளை நன்றாகப் பார்த்தேன்.

"ஆமா அத்தை," என்றேன். "நல்லாவே குறைஞ்சிருக்கு."

அத்தை சிவப்பு டேப்பைப் பிய்த்து, முள்ளுக்குக் கீழே, முள் இல்லாத ஓர் இடத்தில் ஒட்டி, விரலால் நன்றாகத் தேய்த்தார்.

"அடுத்த வாரம் குறைச்சுக்கறேன்," என்றார் மாமா.

"கிழிச்சீங்க," என்றார் அத்தை. போய் ஜன்னலை மூடிவிட்டு வந்தார்.